ட்ரையோ கேட்கணுமா? செல்லோவைப் பிடியுங்கள்

பியானோ, வயலின், செல்லோ (வயலின் மாதிரியே, ஆனால் பெரியது, குரல் தடித்தது) மூன்றும் சேர்ந்த ட்ரையோ பதிவை போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். செல்லோவின் தடித்த தந்தி கிட்டத்தட்ட 65 ஹெர்ட்ஸில் அதிர்வது, அந்தக் குட்டி ஸ்பீக்கருக்கு அவ்வளவு கீழே எட்டாது, வயலினும் பியானோவும்தான் மிஞ்சும். ஹெட்போன் போடுங்கள். டர்பனில் டிசம்பர் புழுக்கத்தில் ஃபேனை நிறுத்தினால் வீட்டில் சண்டை வரும், ஆனாலும் நிறுத்துங்கள், மெல்லிய இடங்களை அந்த இரைச்சல் தின்றுவிடும். சாட்ஸ்வர்த் மாதிரி டாக்ஸி ஹார்ன் ஓயாத தெரு என்றால் ராத்திரிதான் சரி.

தொடங்க மெண்டல்சோன் என்ற ஜெர்மன் இசையமைப்பாளரின் டி மைனர் (ஸ்கேலின் பெயர்) ட்ரையோ, 1839இல் எழுதியது, அரை மணி நேரம் ஓடும். எடுத்த எடுப்பிலேயே பாட்டு செல்லோவிடம்தான். பியானோ அடியில் தட்டுக்குச் சற்றுத் தள்ளித் தள்ளி அமுக்கிக்கொண்டே போகும், அப்புறம்தான் வயலின் வந்து சேரும். கோயில் கச்சேரி கேட்டு வளர்ந்த நம் காது தானாக வயலினைத் தேடும், அங்கே அது பாடுகிறவரின் பின்னாலேயே போகிற ஆள், இங்கே மூவரும் சமம். அதனால் முதல் தடவை செல்லோவை மட்டும் விடாமல் தொடருங்கள். பியானோ சுற்றிச் சுற்றி ஓடி அதை மறைக்கப் பார்க்கும். ஹில்லர் என்ற நண்பர் சொன்னதைக் கேட்டு மெண்டல்சோன் பியானோ பகுதியை இன்னும் பகட்டாகத் திருத்தி எழுதியதன் விளைவு அது. கையில் தாளம் போடவும் வேண்டாம், வேகத்தை இழுத்தும் விட்டும்தான் வாசிப்பார்கள்.

இரண்டாம் பகுதியைப் பியானோ தனியாகத் தொடங்கும், அமைதியானது. மூன்றாவது துள்ளல், அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒலி அளவை முதல் பகுதியின் முடிவை வைத்துச் சரிசெய்யுங்கள், அங்கேதான் மூவரும் முழு மூச்சில் வாசிப்பார்கள். தொடக்கத்தை வைத்துக் கூட்டினால் அங்கே காது கிழியும்.

யாருடைய பதிவு? கோர்ட்டோ, திபோ, கசால்ஸ் மூவரும் 1927இல் வாசித்தது அருமை, ஆனால் பழைய இரைச்சலோடு வரும், புதுக் காதுக்கு ஆகாது. போசார் ட்ரையோ என்ற குழுவின் பதிவில் தொடங்குங்கள்.

அடுத்து இசையமைப்பாளர் பிராம்ஸின் பி மேஜர் ட்ரையோ. 1854இல் வெளியிட்டு 1889இல் நன்றாகக் குறைத்துத் திருத்தினார், பெரும்பாலான பதிவுகள் திருத்தியதுதான். சைக்கோவ்ஸ்கியின் ட்ரையோ முக்கால் மணிக்குக் குறையாது, அதை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள்.