சிங்கப்பூரிலிருந்து போய் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸில் ஆடுவது எப்படி

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இருக்கும் ஓல்ட் கோர்ஸ் கோல்ஃப் திடலில் ஆட வேண்டும் என்றால் பெரிய கிளப்பில் உறுப்பினராக இருக்க வேண்டும், உள்ளே யாரையாவது தெரிந்திருக்க வேண்டும் என்று நானும் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரில் கோல்ஃப் பழகியவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் அது பொதுத் திடல். தொலைக்காட்சியில் முதல் டீக்கு, அதாவது முதல் அடி அடிக்கும் இடத்துக்கு, பின்னால் தெரிகிற அந்தக் கல் கட்டடம்தான் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்புடையது. திடலைப் பார்த்துக்கொள்வது செயின்ட் ஆண்ட்ரூஸ் லிங்க்ஸ் டிரஸ்ட். ஓப்பன் என்ற பெரிய கோல்ஃப் போட்டி 30 முறை நடந்த இடத்தில், 2022இல் கேமரன் ஸ்மித் ஜெயித்த அதே புல்லில், குலுக்கலில் பெயர் விழுந்தால் நீங்களும் நானும் ஆடலாம். பிடிஓ என்ற அரசு அடுக்குமாடி வீட்டுக்குப் பேலட், அதாவது குலுக்கலுக்குப் பெயர், போட்டுவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு இந்த முறை உடனே புரிந்துவிடும்.

போன வருஷம் ஜூன் மாதம் மச்சானும் நானும் போய் ஆடிவிட்டு வந்தோம். அதிலிருந்து கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஹேண்டிகேப், அதாவது நம் ஆட்டத் திறனைக் காட்டும் எண். இங்கே நாம் எடுக்கும் பிசி என்ற ஆட்டத் தகுதிச் சான்றிதழ் மட்டும் போதாது, ஹேண்டிகேப் பதிவு வேண்டும், அது 36க்குள் இருக்க வேண்டும். கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே ஸ்கோர் கார்டுகளைக் கொடுத்து அதைச் சரிசெய்துவிடுங்கள். ஹேண்டிகேப் சான்றிதழைத் தாளில் எடுத்துக்கொண்டு போவதுதான் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் முதல் டீயில் ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டர் கேட்கும்போது கைபேசியில் தேடிக்கொண்டு நிற்பது நல்லதல்ல.

அடுத்து தேதி. ஞாயிற்றுக்கிழமை ஓல்ட் கோர்ஸில் ஆட்டம் கிடையாது, ஊர்மக்கள் நடப்பதற்குத் திறந்துவிடுவார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை ஃபேர்வே என்ற வெட்டிய புல்வெளியில் சின்னப் பாய் விரித்து அதன்மேல் பந்தை வைத்துத்தான் அடிக்க வேண்டும். 2027இல் ஓப்பன் மறுபடியும் அங்கே நடக்கிறது, அந்தக் கோடையைத் தவிர்த்துவிடுங்கள். குறைந்தது நான்கு ஆட்ட நாட்களாவது கையில் இருக்கட்டும், ஒரே நாளை நம்பி அவ்வளவு தூரம் போகாதீர்கள்.

சரி, இப்போது பேலட். நான் வழுக்கிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஆடப்போகும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு, பிற்பகல் 2 மணிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். குறைந்தது இரண்டு பேர், அதிகம் நான்கு பேர். இணையத்திலேயே கொடுக்கலாம், ஸ்காட்லாந்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொருவரின் பெயர், கிளப், ஹேண்டிகேப் மூன்றையும் கேட்பார்கள். திங்கட்கிழமை ஆட வேண்டுமென்றால் சனிக்கிழமை 2 மணி. எங்களுக்குச் சனி இரவு விமானம். அங்கே 2 மணி என்றால் நமக்கு இரவு 10 மணி என்று எட்டு மணி நேரத்தைக் கூட்டி வைத்திருந்தேன். சாங்கியில் பெட்டிகளைப் போட்டுவிட்டு, ஆளுக்கொரு கோப்பி வாங்கிக்கொண்டு 9.15க்குக் கைபேசியைத் திறந்தால் பேலட் மூடியிருக்கிறது. எட்டு மணி நேரம் என்பது குளிர்காலக் கணக்கு. கோடையில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்திவிடுகிறார்கள், வித்தியாசம் ஏழு மணி நேரம்தான், அப்படியானால் நமக்கு இரவு 9 மணி. பதினைந்து நிமிஷத்தில் ஒரு முழு நாள் போனது. மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசிவரை 9 மணி, மற்ற மாதங்களில் 10 மணி, இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது யாருக்குச் சொன்னாலும் 8 மணிக்கே அலாரம் வைக்கச் சொல்கிறேன்.

செவ்வாய்க்குப் போட்டது விழவில்லை. புதனுக்கும் விழவில்லை. அந்த இரண்டு நாளும் பக்கத்திலேயே இருக்கும் நியூ கோர்ஸிலும் ஜூபிலியிலும் ஆடினோம். பெயர்தான் நியூ, திறந்தது 1895இல். வியாழனுக்குப் பெயர் விழுந்தது.

தனியாகப் போகிறவர்கள் பேலட் போட முடியாது. அவர்களுக்குத் தினமும் தனிக் குலுக்கல் இருக்கிறது, முந்தைய நாள் நேரில் போய்ப் பதிய வேண்டும். முன்பெல்லாம் விடிய விடிய வரிசையில் நிற்பார்களாம், 2024இல் அதை மாற்றிவிட்டார்கள்.

பிறகு உடம்பு. பகி என்ற கோல்ஃப் வண்டியில் உட்கார்ந்து ஆடிப் பழகிய நமக்கு அங்கே 18 குழியும் நடைதான். இரண்டு மாதம் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாரம் இரண்டு முறை பத்து கிலோமீட்டர் நடந்தேன், அது நன்றாகக் கைகொடுத்தது. கனமான கார்ட் பையை வீட்டில் வையுங்கள், கால் வைத்த மெல்லிய பை போதும். பந்தை உயரத் தூக்கி அடிக்கும் 60 டிகிரி வெட்ஜ் மட்டையும் வேண்டாம் என்பது என் திடமான கருத்து. நம் ஊர்த் தரை ஈரம், பந்து விழுந்த இடத்தில் நிற்கும். அங்கே அடியில் மணல், மேலே கட்டையான புல், பந்து உருண்டுகொண்டே போகும். குழி இருக்கும் கிரீனுக்கு முப்பது மீட்டர் தள்ளி இருந்தாலும் பந்தை உருட்டும் பட்டரை எடுங்கள், இல்லாவிட்டால் 7 அயன் மட்டையால் தரையோடு தள்ளிவிடுங்கள்.

பையைச் சுமந்து வழி சொல்லும் கேடி ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், பணத்தைப் பவுண்டாகக் கையில் வைத்திருங்கள். கேடி ஏன் என்றால், ஏழு கிரீன்கள் இரட்டைக் கிரீன்கள், இரண்டு குழிகளுக்கு ஒரே கிரீன். 2க்கும் 16க்கும் ஒன்று, 3க்கும் 15க்கும் ஒன்று, கூட்டினால் எப்போதும் 18. போகும்போது வெள்ளைக் கொடி, திரும்பும்போது சிவப்பு, 18ஆவது குழிக்கு மட்டும் மறுபடி வெள்ளை. முதல் முறை போகிறவருக்கு எதைப் பார்த்து அடிப்பது என்றே தெரியாது. சந்தேகம் வந்தால் இடப்பக்கம் அடியுங்கள், வலப்பக்கம் முட்புதரும் எல்லைக் கோடும்தான். முதல் டீயில் நடுக்கம் வரும், ஆனால் எதிரே 1க்கும் 18க்கும் சேர்ந்த அகலமான வெளி, தைரியமாக அடிக்கலாம். கிரீனுக்கு முன்னால் ஓடும் ஸ்வில்கன் ஓடையை மட்டும் நினைவில் வையுங்கள்.

பங்கர் என்ற மணல் பள்ளத்தில் விழுந்தால் பின்பக்கமாகவாவது வெளியே வாருங்கள். 14ஆவதில் ஹெல் பங்கரில் மாட்டி 1995இல் ஜாக் நிக்லஸ் 10 அடி எடுத்தார். 17ஆவது கிரீனை ஒட்டியிருக்கும் பங்கரில் 1978இல் ஜப்பானின் நகஜிமா பட்ட பாடு இன்றும் பேசப்படுகிறது. நான் அங்கே பட்டரால் வலப்பக்கமாகச் சுற்றி அடித்து ஐந்தில் முடித்தேன், அந்தக் கார்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது.

பின்சேர்க்கை: ஊரில் ரயில் நிலையம் இல்லையா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இல்லை, எடின்பரோவிலிருந்து லூக்கர்ஸ் வரை ரயில், அங்கிருந்து பேருந்து. இன்னொருவர் சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு எதுவும் வேண்டாம் என்று நினைத்து விமான டிக்கெட் வாங்கிவிட்டார். 2025 ஜனவரியிலிருந்து இடிஏ என்ற மின் அனுமதி வாங்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் விசாவே வேண்டும், அதற்குப் பல வாரம் ஒதுக்குங்கள்.

மறுபடியும் ஒரு சேர்க்கை: கோல்ஃப் ஆடாத அப்பா அம்மாவைக் கூட்டிப்போகலாமா என்று ஒரு சகோதரி கேட்டார். கண்டிப்பாகக் கூட்டிப்போங்கள், ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாளில் ஸ்வில்கன் பாலத்தில் ஒரு படம் எடுப்பதற்குள் பின்னால் அடுத்த குழு வந்துவிடும். ஞாயிறன்று அவர்களை நிறுத்தி நிதானமாக எடுக்கலாம், காற்று பலமாக அடிக்கும், அம்மாவுக்குச் சேலைமேல் ஒரு நல்ல ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள், கிரீன்மேல் மட்டும் நடக்க வேண்டாம்.