ஆயர் பானாசில் கால் வைக்கும் முன்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து உலு சிலிம் ஆயர் பானாசுக்கு, அதாவது வெந்நீர் ஊற்றுக்குப் போகிறவர்கள், அவிக்க முட்டை எடுத்துப்போவது போல ஒரு சமையல் தெர்மாமீட்டரும் எடுத்துப்போவது நல்லது. இங்கே எரிமலை கிடையாது. மழைநீர் கருங்கல் பாறைப் பிளவுகளில் ஆழமாக இறங்கி, சூடேறி மேலே வருகிறது. ஊற்றுக்கண்ணில் அது கொதிநிலையை நெருங்கும். ஆற்றோடு கலக்குமிடத்தில் இளஞ்சூடுதான். இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

இறங்கும் இடத்தில் அடியிலும் மேலேயும் அளந்து பாருங்கள். 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வேறு இடம் தேடுங்கள். 60 டிகிரி நீர் சில விநாடிகளில் தோலைச் சுட்டுவிடும். குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம். 10 நிமிடம் ஊறினால் போதும். பீர் குடித்துவிட்டு இறங்க வேண்டாம், மயக்கம் வரும்.

கல்லில் படிந்த பச்சை, ஆரஞ்சு வழவழப்பு அழுக்கல்ல, சூட்டில் வாழும் நுண்ணுயிர்கள். ஆனால் அதில் வழுக்கித்தான் ஆட்கள் சூட்டில் விழுகிறார்கள். பிடிப்புள்ள செருப்போடு நடங்கள்.

தலையை முக்காதீர்கள். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் நெக்லேரியா அமீபா மூக்கு வழியாக மூளைக்கு ஏறும். அரிதுதான், வந்தால் பிழைப்பவர் மிகச் சிலரே. குடித்தால் இந்த நோய் வராது, மூக்குதான் வாசல்.

சுட்டுவிட்டால் மோதிரம், வளையலைக் கழற்றி, 20 நிமிடம் குழாய்நீரில் காட்டுங்கள். ஐஸ், பற்பசை, கிச்சாப் (சோயா சாஸ்) எதுவும் வேண்டாம். உள்ளங்கையைவிடப் பெரிய கொப்புளமென்றால் அவசர எண் 999-ஐ அழையுங்கள்.