போன்சாய் தொட்டிக்கு என்ன அவசரம்? விதையிலும் தோட்டத்துச் செடியிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன்சாய் விதை என்று அச்சடித்த பாக்கெட்டுகள் இணையக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. உள்ளே இருப்பது சாதாரண மர விதைதான். ஜூனிபரோ மேப்பிளோ புளியோ, தரையில் ஊன்றினால் தன் இனத்துக்குரிய உயரத்துக்கு வளர்ந்தே தீரும். போன்சாய்க்கென்று தனி விதை கிடையாது. மரத்தைச் சிறிதாக வைத்திருப்பது கிளைகளை நறுக்கும் கவாத்தும் வேர் வெட்டும்தான். ஏமாந்து வாங்கினாலும் நஷ்டம் பாக்கெட் காசோடு போகும். ஆனால் போன்சாய் என்றால் முதல் நாளிலிருந்தே சின்னத் தொட்டியில்தான் இருக்க வேண்டும் என்ற நினைப்பும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. பெரும்பாலான தவறுகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

அடிமரம் பருக்க வேண்டுமென்றால் மேலே இலையும் கிளையும், கீழே வேரும் தடையில்லாமல் ஓட வேண்டும். சின்னத் தொட்டியில் வேருக்கு இடம் இல்லை. வேர் நின்றால் மேல் வளர்ச்சியும் நிற்கும், தண்டு பென்சில் கனத்திலேயே தங்கிவிடும். பத்து ஆண்டு போனாலும் பார்ப்பவர்களுக்கு அது நாற்றாகத்தான் தெரியும், மரமாகத் தெரியாது. ஆகவே நாற்றைத் தொடக்கத்தில் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் தரையிலோ பெரிய தொட்டியிலோ வளரவிடுங்கள். அனுபவசாலிகள் கீழ்க்கிளை ஒன்றை வெட்டாமல் நீளமாக ஓடவிடுவார்கள். அந்தக் கிளை அடியைப் பருக்கவைக்கும். வேலை முடிந்ததும் அதை வெட்டி எறிந்துவிடுவார்கள். தண்டு வேண்டிய கனத்துக்கு வந்ததும் தாழ வெட்டி, பக்கத் தளிர் ஒன்றைப் புது நுனியாக வளர்ப்பார்கள். அடி பெருத்து நுனி சிறுத்த தோற்றம் இப்படித்தான் வருகிறது. போன்சாய் தொட்டி இதற்கெல்லாம் அப்புறம்.

உரம் போடாமல் பட்டினி போட்டால் மரம் குட்டையாகும் என்பது இன்னொரு நம்பிக்கை. 1625 முதல் போன்சாயாகப் பராமரிக்கப்பட்டுவரும் வெள்ளைப் பைன் ஒன்று வாஷிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசிய மரப் பூங்காவில் இருக்கிறது. 1945இல் ஹிரோஷிமா குண்டுவீச்சுக்குத் தப்பி, 1976இல் ஜப்பானின் அன்பளிப்பாக அங்கே வந்து சேர்ந்தது. பட்டினி கிடந்த மரம் இத்தனை காலம் தாங்காது. வளரும் பருவத்தில் உரம் கட்டாயம் வேண்டும்.

விதை நேர்த்தியை விட்டுவிட்டு, முளைக்கவில்லை என்று புலம்புகிறவர்களும் உண்டு. புளி போன்ற கடினமான தோல் கொண்ட விதைகளை உப்புத்தாளில் லேசாக உரசி, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். ஜப்பானிய மேப்பிள் விதைக்கு ஒரு குளிர்காலம் கழிய வேண்டும். ஈர மணலோடு பையில் போட்டு, ஃபிரிட்ஜில் 4 டிகிரி அளவில் சுமார் மூன்று மாதம் வையுங்கள். ஆல், அரசு விதைகள் மிகச் சிறியவை, அவற்றை ஆழமாகப் புதைக்காமல் மண்மேல் தூவினால் போதும். முதல் முறை மாற்றி நடும்போது ஆணிவேரைக் குறைத்துவிடுங்கள். அப்போதுதான் தண்டைச் சுற்றி நாலாபுறமும் பக்கவேர் பரவும். இதைத் தள்ளிப்போட்டால் பின்னால் ரம்பத்தால் அறுக்க வேண்டிவரும்.

விதைக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை என்றால், தோட்டத்தில் வேண்டாம் என்று கழிக்கிற பழைய வேலிச் செடி, வெட்ட வெட்டத் துளிர்க்கும் போகன்வில்லா, மாதுளை, சுவரில் முளைத்த ஆலங்கன்று எல்லாம் நல்ல தேர்வு. என்னைக் கேட்டால் முதல் மரத்துக்கு இதுதான் சரியான வழி, ஏனென்றால் தண்டு பருக்கும் காலம் ஏற்கெனவே முடிந்திருக்கும். பிறர் நிலமானால் அனுமதி கேளுங்கள். கிளையழகைப் பார்த்து மயங்குவதுதான் இங்கே முதல் தவறு. கிளை திரும்ப வரும். அடியில் மண்ணை விரலால் விலக்கி, தண்டு எப்படி விரிகிறது, வேர் எங்கே கிளம்புகிறது என்று பாருங்கள்.

அடுத்தது ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கிற வேகம். காலையில் தோண்டி, வேரைக் கழுவி, கிளைகளை வெட்டி, வளைத்து வடிவம் கொடுக்கக் கம்பி சுற்றி, மாலைக்குள் அழகான தட்டையான தொட்டியில் நட்டுப் படம் எடுத்துவிடுவார்கள். இரண்டு வாரத்தில் துளிர் வரும், பிழைத்துவிட்டது என்று நினைப்பார்கள். அந்தத் துளிர் பெரும்பாலும் தண்டில் சேமித்திருந்த உணவில் வருவது. கீழே வேர் இன்னும் பிடித்திருக்காது. சேமிப்பு தீர்ந்ததும் எல்லாம் வாடிவிடும். ஒரு நேரத்தில் ஒரு பெரிய வேலைதான். முடிந்தால் ஒரு பருவம் முன்பே செடியைச் சுற்றிப் பள்ளம் வெட்டி வேரை நறுக்கிவிடுங்கள், தண்டுக்கு அருகில் மெல்லிய வேர்கள் பெருகும். குளிர்நாட்டு மரங்களை மொட்டு விரியும் முன்பும், ஆல் வகைகளைச் சூடான வளர் பருவத்திலும் எடுப்பது நல்லது. எடுத்ததை ஆழமான தொட்டியில் வைத்து, வடிகால் துளை வழியாகக் கம்பி கொடுத்து அசையாமல் கட்டுங்கள். தண்டு ஆட ஆடப் புது வேர்கள் அறுந்துகொண்டே இருக்கும். பிறகு ஓராண்டாவது விட்டுவிடுங்கள். உரமும் புது வளர்ச்சி உறுதியான பிறகுதான்.

பைன், ஜூனிபர் வகைகளில் இன்னும் கவனம் வேண்டும். ஆல், மாதுளை போல மொட்டை மரத்திலிருந்து அவை துளிர்ப்பது அபூர்வம். பச்சை இல்லாமல் வெட்டிய கிளை போனது போனதுதான். வேர்மண்ணையும் ஒரே தடவையில் கழுவக் கூடாது. பாதியை இப்போதும் மீதியை ஒன்றிரண்டு ஆண்டு கழித்தும் மாற்றுங்கள். ஜூனிபர் செத்த பிறகும் பல வாரம் பச்சையாகவே இருக்கும். அதை நம்பித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பவர்கள் ஏராளம்.

தோட்டத்து மண்ணை அப்படியே தொட்டியில் போட்டால் இறுகி, வேருக்குக் காற்று கிடைக்காது. பியூமிஸ் என்ற நுரைக்கல், எரிமலைக் கல், அகடாமா என்ற ஜப்பானியக் களிமண் குருணை, இல்லையென்றால் உடைத்த செங்கல், எதுவானாலும் 2 முதல் 6 மில்லிமீட்டர் அளவில் சலித்து, தூசியை நீக்கிப் பயன்படுத்துங்கள். அடியில் கூழாங்கல் அடுக்கு போட்டால் தண்ணீர் வடியும் என்பது தவறு. நுண்மண்ணிலிருந்து பெருங்கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. ஈரம் மேலே தேங்கி வேர்ப்பகுதிதான் அழுகும். தண்ணீருக்குக் கிழமைக் கணக்கு வேண்டாம். விரலை ஒரு சென்டிமீட்டர் உள்ளே விட்டுப் பார்த்து, காயத் தொடங்கியிருந்தால் துளைவழி வடியும்வரை ஊற்றுங்கள்.

வரவேற்பறை மேசையில் வைத்த ஜூனிபர் பிழைக்காது, அதற்கு வெளியும் வெயிலும் வேண்டும். ஆல் வகைகள் பிரகாசமான சன்னலில் சமாளிக்கும்.

கம்பியைச் சுற்றிவிட்டு மறப்பதும் சகஜம். வேகமாக வளரும் பருவத்தில் சில வாரங்களிலேயே அது பட்டைக்குள் இறங்கிவிடும், அந்தத் தழும்பு போக ஆண்டுகள் பிடிக்கும். வாரம் ஒருமுறை பாருங்கள். கழற்றும்போது சுற்றைப் பிரிக்க முயன்றால் கிளை ஒடியும். கம்பிவெட்டியால் துண்டு துண்டாக நறுக்கி எடுப்பதே பாதுகாப்பு, கம்பி வீணானாலும் பரவாயில்லை.