செலிபிரன்டாக உங்கள் முதல் கல்யாணம்: ஆஸ்திரேலியாவில் தயாராவது எப்படி?

ஆஸ்திரேலியாவில் ஐயரோ பாதிரியாரோ இல்லாமலும் சட்டப்படி கல்யாணம் செய்யலாம். அதை நடத்திவைக்க அரசிடம் பதிவு பெற்றவர்தான் மேரேஜ் செலிபிரன்ட். 1973-இல் அட்டர்னி ஜெனரலாக இருந்த லயனல் மர்ஃபி தொடங்கிவைத்த ஏற்பாடு இது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் மணமக்களின் காதல் கதையை எழுதுவதில்தான் ஆரம்பிப்பார்கள். நீங்கள் சட்டம் கேட்கும் வரிகளை முதலில் தாளில் எழுதிவிடுங்கள். கதை அவற்றைச் சுற்றி வரட்டும்.

1. நோட்டீஸ் வாங்குங்கள்

கல்யாணம் செய்யப்போகிறோம் என்று மணமக்கள் எழுதித் தரும் திருமண நோட்டீஸ் படிவம், கல்யாணத்துக்கு ஒரு மாதத்துக்குக் குறையாமல் முன்பே உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். 18 மாதத்துக்கு மேல் பழையதாகிவிட்டால் செல்லாது. முகூர்த்தம் குறித்த கையோடு வாங்கிவிடுவது நல்லது. பாஸ்போர்ட் அல்லது பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள். முன்பு மணமானவர் என்றால் விவாகரத்து ஆணையோ துணையின் இறப்புச் சான்றிதழோ வேண்டும்.

நம்மவர்களுக்குச் சிக்கல் வருவது பேரில்தான். பத்திரிகையில் இனிஷியலோடு ஒரு பேர் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பேர் குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கும். படிவத்தில் ஆவணத்தில் உள்ளபடியே எழுதுங்கள். கல்யாணத்தன்று இருவரின் முழுப் பேரையும் ஒரு தடவை சொல்லிவிட்டால், உறுதிமொழியில் கூப்பிடும் பேர் போதும்.

இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ ஏற்கெனவே 'எழுத்து' (பதிவுத் திருமணம்) முடிந்துவிட்டதா? முடிந்திருந்தால் அவர்கள் கணவன் மனைவிதான். நீங்கள் மறுபடி சட்டப்படி மணம் முடித்துவைக்க முடியாது. வெறும் கொண்டாட்டம் நடத்தலாம்.

2. தனித்தனியாகச் சந்தியுங்கள்

2024 ஜூன் 12 முதல், கல்யாணத்துக்கு முன் இருவரையும் நேரில், தனித்தனியே சந்திக்க வேண்டும் என்பது சட்டம். வீடியோ அழைப்பு இதற்குப் போதாது. முழுச் சம்மதமா, யாராவது வற்புறுத்தினார்களா என்று தெளிவாகக் கேளுங்கள். "நானும் கூட இருக்கிறேனே" என்று அத்தையோ சித்தியோ வந்தால், பக்குவமாக வெளியே உட்காரச் சொல்லுங்கள்.

அது முடிந்த பிறகு கதைக்கு வாருங்கள். "அவரிடம் என்ன பிடிக்கும்?" என்றால் "நல்லவர், அன்பானவர்" என்றுதான் பதில் வரும். "அவர் செய்கிற எதற்கு எரிச்சல் வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, விடிகாலை ஐந்து மணிக்கு மிக்ஸியில் சட்னி அரைக்கிற மனிதர் அப்போதுதான் வெளியே வருவார். சடங்கில் சொல்ல அந்த ஒரு விஷயம் போதும். சொல்வதற்கு முன் அவர்களிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள்.

3. தொட முடியாத வரிகள்

1961-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி முதலில் பேச வேண்டியவர் நீங்கள். திருமணம் நடத்த உங்களுக்கு அதிகாரம் உண்டு என்பதையும், திருமணம் என்பது மற்ற எவரையும் விலக்கி, இரண்டு பேர் தாமாக விரும்பி ஆயுளுக்கும் சேர்வது என்பதையும் சட்டத்தில் உள்ள வாசகத்தாலோ அதே பொருள் தரும் வார்த்தைகளாலோ சொல்ல வேண்டும். அழகுபடுத்தப் போகாதீர்கள்.

பிறகு மணமக்கள் ஒவ்வொருவரும், கூடியிருப்பவர்களைச் சாட்சியாக அழைத்து, மற்றவரைச் சட்டப்படி மனைவியாக, கணவராக அல்லது துணையாக ஏற்பதாகச் சொல்ல வேண்டும். அதைத் தொடர்ந்து சொந்தமாக என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.

ஆங்கிலம் புரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளரை வையுங்கள். அவரிடம் முன்கூட்டியே சத்தியப் பிரகடனமும், முடிந்ததும் ஒரு சான்றும் எழுதி வாங்க வேண்டும்.

தாலி கட்டும் நேரத்தில் இந்த வரிகளை வைக்காதீர்கள். கெட்டிமேளத்தில் நீங்கள் சொல்வது பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. சாட்சிகளுக்கு எங்கே கேட்கப் போகிறது? ஐயரிடம் முன்பே பேசி, மணமக்கள் மணவறையில் அமரும் முன்போ ஆசீர்வாதத்துக்கு முன்போ பத்து நிமிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

4. கையெழுத்து

திருமணத்துக்குச் சட்டத் தடை ஏதும் இல்லை என்ற உறுதிமொழிப் பத்திரத்தில் சடங்குக்கு முன்பே மணமக்கள் கையெழுத்திட வேண்டும். சடங்கு முடிந்ததும் மூன்று சான்றிதழ்களில் மணமக்கள், 18 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள், நீங்கள் என ஐந்து பேரும் கையெழுத்திடுவீர்கள். மேசையைக் குங்குமம், சந்தனத் தட்டுகளிலிருந்து தள்ளிப் போடுங்கள்.

ஒரு சான்றிதழை மணமக்களிடம் கொடுங்கள். இன்னொன்றை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதை மற்ற ஆவணங்களோடு 14 நாளுக்குள் அந்த மாநிலத்தின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவகத்துக்கு அனுப்பிவிடுங்கள். கையில் கொடுத்த அலங்காரச் சான்றிதழை வைத்துப் பாஸ்போர்ட்டில் பேர் மாற்ற முடியாது, அதற்குப் பதிவகம் தரும் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அன்றே சொல்லிவிடுங்கள்.