மாரத்தான் நேரத்தை வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப மதிப்பிடும் முறை

28 வயது ஆணும் 60 வயதுப் பெண்ணும் 42.195 கிலோமீட்டரை ஓடி முடித்த நேரங்களை அப்படியே அருகருகே வைத்துப் பார்ப்பது நியாயமாகாது. ஒவ்வொரு வயதிலும் ஆணோ பெண்ணோ எட்டக்கூடிய மிகச் சிறந்த நேரத்தைச் சாதனைகளிலிருந்து கணித்துத் தரும் வயதுத் தர அட்டவணைகளே இதற்குத் துணை.

பந்தய நாளன்று நிறைவடைந்திருந்த வயதுக்கும் பாலினத்துக்கும் அட்டவணை தரும் சிறந்த நேரத்தை, அதாவது தரநேரத்தை எடுத்து, அதையும் ஓடிய நேரத்தையும் நிமிடங்களாக மாற்றி, முன்னதைப் பின்னதால் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும். தரநேரம் 180 நிமிடம், ஓடிய நேரம் 240 நிமிடம் என்று கொண்டால், விடை 75 விழுக்காடு. 70ஐத் தாண்டினால் வட்டார அளவிலும், 80ஐத் தாண்டினால் தேசிய அளவிலும், 90ஐத் தாண்டினால் உலக அளவிலும் சிறந்த ஓட்டம் என்பது வழக்கம்.

சாதனைகள் முறியடிக்கப்படும்போது தரநேரங்களும் திருத்தப்படுவதால், அனைவருக்கும் ஒரே ஆண்டின் அட்டவணையையே பயன்படுத்துங்கள். வெயிலையும் மேடுபள்ளத்தையும் அது கணக்கில் கொள்ளாது. ஆகவே ஒரே பந்தயத்தில் ஓடியவர்களை ஒப்பிடுவதே நம்பகமானது.

பத்தாண்டுப் பிரிவுகளில் பரிசளிக்கும் வழக்கம் 60 வயதினரையும் 69 வயதினரையும் ஒன்றாக நிறுத்திவிடுகிறது. விழுக்காட்டு முறை அதைவிட நேர்மையானது என்பது என் உறுதியான கருத்து. 2004இல் டொராண்டோவில் 73 வயதான எட் விட்லாக் 2 மணி 54 நிமிடம் 48 நொடியில் ஓடியதன் அருமை, இப்படிக் கணக்கிடும்போதுதான் முழுமையாகப் புலப்படுகிறது.