செலக்ட் பண்ணது ஒரு வரி, மாறுனது 41,000 ரோ

வேலைக்கு சேந்து ஒன்றரை வருஷம் இருக்கும், ஒரு கஸ்டமரோட மொபைல் நம்பரை மாத்தணும்னு டிக்கெட் வந்துச்சு. சின்ன வேலைதான், டேட்டாபேஸ்ல ஆளுக்கு ஒரு ரோ இருக்கும், அதை மாத்தச் சொல்ற அப்டேட் குவெரி எழுதுனேன், கீழ ரெண்டாவது வரியில எந்த ரோவை மாத்தணும்னு சொல்ற வேர் (WHERE) கண்டிஷனும் ஒழுங்காதான் போட்டேன், ஆனா அந்த டூல்ல எந்த வரியை செலக்ட் பண்ணிருக்கோமோ அது மட்டும்தான் ஓடும், நான் மவுஸ்ல இழுத்தது மேல் வரியை மட்டும். எஃப்5 அமுக்குனேன். 1 ரோன்னு வர வேண்டிய இடத்துல 41,000 சொச்சம். வயித்துல புளியை கரைக்கிறதுன்னா என்னன்னு அன்னைக்குதான் தெரிஞ்சுது. மொத்த கஸ்டமருக்கும் ஒரே நம்பர், ஊர்ல இருக்கவங்க ஓடிபி எல்லாம் அந்த ஒரு மனுஷன் போனுக்கே போக ஆரம்பிச்சுருச்சு.

வேரை மறந்துறாதீங்கன்னு அட்வைஸ் பண்றதுல பிரயோஜனமே இல்ல, நான் மறக்கவே இல்லையே, எழுதி வச்சுட்டுதான் கோட்டை விட்டேன். மொதல்ல அதே வேர் போட்டு செலக்ட் குவெரி (எதையும் மாத்தாது, எடுத்துக் காட்டும், அவ்ளோதான்) ஓட்டி எத்தன ரோ வருதுன்னு பாருங்க. அப்புறம் டிரான்சாக்ஷன் ஆரம்பிச்சு அப்டேட் ஓட்டுங்க, ரெண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போனா கமிட் குடுத்து உறுதி பண்ணுங்க, இல்லன்னா ரோல்பேக் குடுத்து பழையபடி ஆக்குங்க. மைஎஸ்க்யூஎல்ங்கிற டேட்டாபேஸ்ல ஆட்டோகமிட் தானா ஆன்ல இருக்கும், சும்மா ஓட்டுனா ஓட்டுனதுதான், திரும்பி வராது. அதுலயே சேஃப் அப்டேட்ஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, வேர்ல கீயோ (ரோவை அடையாளம் காட்டுற ஐடி மாதிரி), எத்தன ரோன்னு லிமிட்டோ இல்லாத அப்டேட்டை ஓட்டவே விடாது, அதுக்கு இன்னொரு பேரு "ஐ ஆம் எ டம்மி"! நெசமாவே அப்படித்தான் பேரு வச்சிருக்காங்க. கூச்சப்படாம ஆன் பண்ணிக்கோங்க.

ஆனா அன்னைக்கு நான் பண்ண பெரிய தப்பு அது இல்ல. இருபது நிமிஷம் யார்கிட்டயும் மூச்சு விடல, நானே சரி பண்ணிரலாம்னு ஏதேதோ நோண்டிட்டு இருந்தேன். கடைசியில எங்க லீட் அக்காகிட்ட போய் நின்னா அவங்க திட்டல, கேட்ட ஒரே கேள்வி, "எத்தன மணிக்கு ஓட்டுன?" ஏன்னா பேக்கப்லேர்ந்து எடுக்கும்போது அந்த நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாடி வரைக்கும்தான் கொண்டு வரணும், அதுக்கப்புறம் கஸ்டமருங்க பண்ண மாத்தம் எல்லாத்தையும் தனியா எடுத்து சேக்கணும். நான் சும்மா ஒளிச்சு வச்ச இருபது நிமிஷமும் அவங்களுக்கு கூடுதல் வேலை. அதனால ஏதாச்சும் ஒடைச்சுட்டீங்கன்னா மொதல்ல கடிகாரத்தை பாத்து டைமை குறிங்க, அடுத்து கத்துங்க.

எங்களுக்கு பேக்கப் வேலை செஞ்சுது, அது எங்க அதிர்ஷ்டம். புரோகிராம் கோடை சேத்து வைக்கிற வெப்சைட் நடத்துற கிட்லேப் கம்பெனிக்கு 2017 ஜனவரி 31 ராத்திரி நடந்ததை பாருங்க. ரெண்டு டேட்டாபேஸ் சர்வர், ஒண்ணு மெயினு, இன்னொண்ணு அதோட காப்பி. காப்பி ஒழுங்கா வரலன்னு ராத்திரி ரொம்ப நேரம் மல்லுக்கட்டிட்டு இருந்த இன்ஜினியர், காப்பி சர்வர்ல இருக்க ஃபோல்டரை அழிக்கிறதா நெனச்சு மெயின் சர்வர்ல அழிச்சுட்டார். ஒண்ணு ரெண்டு செகண்ட்ல சுதாரிச்சு நிறுத்துனார், அதுக்குள்ள 300 ஜிபி போய் 4.5 ஜிபிதான் மிச்சம். சரி, பேக்கப் இருக்கேன்னு போனா தினமும் எடுக்குற டம்ப் (மொத்த டேட்டாவையும் ஃபைலா இறக்கி வைக்கிறது) அங்க இல்லவே இல்ல, டேட்டாபேஸ் 9.6 வெர்ஷன், டம்ப் எடுத்த டூல் 9.2, அதனால அது தெனம் ஃபெயில் ஆகிட்டே இருந்துருக்கு, ஃபெயில் ஆச்சுன்னு போன மெயிலையும் அவங்க மெயில் சர்வரே வேண்டாம்னு தள்ளிருச்சு. அஞ்சு விதமா பேக்கப் வச்சிருந்தும் ஒண்ணுகூட நம்பகமா கைகொடுக்கல. கடைசியில காப்பாத்துனது அதே இன்ஜினியர் வேற ஒரு டெஸ்டுக்காக 6 மணி நேரம் முன்னாடி கையால எடுத்து வச்சிருந்த ஒரு ஸ்னாப்ஷாட்டு, அதாவது அந்த நேரத்து டேட்டாவோட காப்பி. இத்தனையையும் அவங்க மறைக்கல, மீட்கிற வேலையை யூட்யூப்ல லைவ்வாவே போட்டாங்க, எனக்கு அந்த கம்பெனி மேல மரியாதை வந்ததே அதுலதான்.

இதுல நமக்கு வேண்டியது ரெண்டு. புரொடக்ஷன், அதாவது கஸ்டமருங்க நெசமா பயன்படுத்துற சர்வர், அதுக்கு கமாண்ட் அடிக்கிற டெர்மினல் ஜன்னலுக்கு செவப்பு கலர் போட்டு வைங்க, ரெண்டு கருப்பு ஜன்னல் பக்கத்து பக்கத்துல இருந்தா ராத்திரி பதினொரு மணிக்கு எவனுக்கும் வித்தியாசம் தெரியாது. அப்புறம் பேக்கப் இருக்கான்னு கேக்காதீங்க, கடைசியா எப்போ ரீஸ்டோர் பண்ணி பாத்தீங்கன்னு கேளுங்க.

ஆள் கவனமா இருந்தா போதும்னு மேனேஜருங்க சொல்லுவாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். அதே 2017 பிப்ரவரி 28ல அமேசான்ல ஒருத்தர் கமாண்ட்ல ஒண்ணை தப்பா டைப் பண்ணி நெனச்சதைவிட நெறைய சர்வரை எடுத்துட்டார், மத்த கம்பெனிங்க ஃபைல் வைக்கிற அவங்க எஸ்3 சர்வீஸ் சுமார் 4 மணி நேரம் படுத்துருச்சு, அதை நம்பி இருந்த நெறைய வெப்சைட் கூடவே படுத்துச்சு. அமேசான் அதுக்கப்புறம் மாத்துனது டூலைத்தான், ஒரு அளவுக்கு கீழ சர்வரை எடுக்கவே விடாதபடி.

மெயில்ல ரிப்ளை ஆல் பத்தி எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சும் பண்ணுவோம். 2016 நவம்பர்ல இங்கிலாந்தோட அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ்ல ஒரு டெஸ்ட் மெயில் தப்பா 8 லட்சம் பேருக்கு மேல போயிருச்சு, "என்னை இந்த லிஸ்ட்லேர்ந்து எடுங்க"ன்னு ஆளாளுக்கு ரிப்ளை ஆல் போட்டு ஒண்ணேகால் மணி நேரத்துல சுமார் 50 கோடி மெயில். தப்பான மெயில் வந்தா சும்மா இருங்க, அவ்ளோதான்.

இன்னொண்ணு, ஏபிஐ கீயை (ஒரு சர்வீஸுக்குள்ள போக பாஸ்வேர்டு மாதிரி) தெரியாம கிட்ல (கோடோட ஒவ்வொரு மாத்தத்தையும் சேத்து வைக்கிற டூல்) கமிட் பண்ணிட்டு, அடுத்த கமிட்ல அழிச்சுட்டு நிம்மதியா டீ குடிக்க போறவங்க. ஹிஸ்டரியில அது அப்படியே இருக்கும்ங்க! மொதல்ல அந்த கீயை கேன்சல் பண்ணி புதுசு எடுங்க, ஹிஸ்டரியை அப்புறமா சுத்தம் பண்ணிக்கலாம்.

என் கதைக்கு வரேன். ராத்திரி பதினொன்னரைக்கு எல்லா நம்பரும் பழையபடி திரும்புச்சு, அந்த மனுஷனோட பழைய நம்பரும் சேத்து. மறுநாள் காலையில அதே டிக்கெட் திரும்ப ஓப்பன் ஆகி என் பேர்லயே நிக்குது. லீட் அக்கா சேரை இழுத்து பக்கத்துல போட்டு உக்காந்தாங்க, "ம், மொதல்ல செலக்ட் எழுது"ன்னாங்க.