மரத்துக்கு எண்ணெய் பூசுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பழைய ஊஞ்சல் பலகைக்கோ தேக்கு மேசைக்கோ வார்னிஷ் வேண்டாம், செடியிலிருந்து எடுத்த எண்ணெயே போதும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அந்தக் கட்சிதான். ஆளிவிதை எண்ணெய் பூசிய மரத்தில் ரேகை எழுந்து வருவதுபோல் வேறு எந்தப் பூச்சிலும் வருவதில்லை.

ஆனால் பலருக்கு முதல் தவறு எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதிலேயே நடந்துவிடுகிறது. வீட்டிலிருக்கும் தேங்காய் எண்ணெயையோ கடலை எண்ணெயையோ தேய்க்கிறார்கள். இரண்டு நாள் பளபளக்கும், பிறகு தூசி ஒட்டும், மாதக் கணக்கில் வைத்தாலும் காயாது. ஏன்? தண்ணீர் காய்வதுபோல் எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. பால் தயிராக உறைவதுபோல, காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து படலமாகிறது. காயக் காய அதன் எடைகூடச் சற்று ஏறும். எல்லா எண்ணெய்க்கும் இந்தக் குணம் கிடையாது. அதை அளக்க அயோடின் எண் என்று ஒன்று உண்டு, அது கூடக் கூட எண்ணெய் நன்றாகக் காயும். ஆளிவிதைக்கு அது பொதுவாக 170க்கு மேல், தேங்காய் எண்ணெய்க்கு 10ஐ ஒட்டி. நல்லெண்ணெய் இடையில் நிற்கிறது, அரைகுறையாகத்தான் காயும். வேப்பெண்ணெயும் புங்க எண்ணெயும் பூச்சி விரட்ட உதவலாம், பூச்சுக்கு ஆகாது. ஆளிவிதையும் சீனத்து டங் எண்ணெயும்தான் நம்பிப் பூசக்கூடியவை.

அடுத்தது, தடிமனாகப் பூசுவது. நிறையப் பூசினால் நிறையப் பாதுகாப்பு என்று தோன்றும். மேல்தோல் முதலில் உறைந்துவிட, அடியிலுள்ள எண்ணெய்க்குக் காற்று எட்டாது. பலகை பிசுபிசுக்கும், சுருக்கம் விழும். மெல்லப் பூசுங்கள். பதினைந்து இருபது நிமிடம் கழித்து, மரம் குடித்ததுபோக மேலே நிற்பதைத் துணியால் ஒட்டத் துடைத்துவிடுங்கள். துடைக்க மனசு வராது, ஆனாலும் துடைத்தே ஆகவேண்டும். பச்சை ஆளிவிதை எண்ணெயானால் ஒரு கோட் காய நாள்கணக்கில் ஆகும், ஐப்பசி மழையில் இன்னும் இழுக்கும். கை வைத்தால் ஒட்டாத பிறகே அடுத்த கோட். தேக்குக்குள் இயல்பாகவே இருக்கும் எண்ணெய்ப்பசை பூச்சு காய்வதைத் தடுக்கும் என்பதால், உப்புத்தாள் போட்டதும் தின்னர் தோய்த்த துணியால் துடைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

கடையில் ‘பாயில்டு’ என்று விற்பது வெறுமனே காய்ச்சியது அல்ல. சீக்கிரம் காய்வதற்காக அதில் பெரும்பாலும் கோபால்ட், மாங்கனீசு உப்புகளைச் சேர்த்திருப்பார்கள். சப்பாத்திப் பலகைக்கும் குழந்தையின் மரப்பாச்சிக்கும் அது வேண்டாம். வீட்டு அடுப்பில் காய்ச்சி அதை உண்டாக்கிவிடலாம் என்று முயலவும் வேண்டாம்.

இனி நான் சொல்லப்போவதை மட்டுமாவது மறக்காதீர்கள். துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். உறையும்போது எண்ணெய் சூட்டை வெளிவிடும். விரிந்த பலகையில் அது காற்றோடு போய்விடும், சுருட்டிய துணிக்குள் சேர்ந்துகொண்டே போகும். சில மணி நேரத்தில், நெருப்புப் பொறி எதுவும் படாமலே, துணி தானாகப் பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தின் 22ஆவது மாடியில் தீ தொடங்கியது இப்படித்தான்: மரவேலைக்காரர்கள் விட்டுப்போன, ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகள். தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் உயிரிழந்தார்கள். துணியை வெட்டவெளியில் மடிப்பில்லாமல் ஒற்றை அடுக்காக விரித்துப்போட்டு, விறைத்துக் காய்ந்த பிறகு குப்பையில் சேருங்கள். அல்லது தண்ணீர் நிரம்பிய தகர டப்பாவில் அமிழ்த்தி மூடி வையுங்கள்.

முந்திரிக் கொட்டை ஓட்டெண்ணெயைப் பற்றியும் கேட்பார்கள். படகுகளுக்குக் காலங்காலமாகப் பூசிவந்த நல்ல பொருள்தான். ஆனால் பட்ட இடம் புண்ணாகும். கையுறை இல்லாமல் தொடக்கூடாது.

மிச்ச எண்ணெயை அரை டப்பாவாக மூடி வைத்தால் உள்ளே இருக்கும் காற்றே மேலே ஆடை கட்ட வைத்துவிடும். விளிம்புவரை நிரம்பும் சிறிய பாட்டிலுக்கு மாற்றி, இறுக மூடி வையுங்கள்.